ரிட்டர்பாக் வீட்டுச் சாம்பல்

வீட்டுக்குள் நுழைந்ததும் ஆர்லீனுக்குப் பிடித்துப்போனது அந்தச் சாம்பல் வாளிதான்.

மற்றதெல்லாம் சொல்லிக்கொள்கிற மாதிரி இல்லை. மிசூரி ஆற்றுப் பள்ளத்தில் கட்டின பழைய பலகை வீடு. வசந்தத்தில் வெள்ளம் ஏறி இறங்கின கோடு சுவரில் இடுப்பு உயரத்துக்கு அப்படியே இருந்தது. ஒவ்வொரு அறையிலும் சேற்று வாடை. ஆனால் சமையலறை மட்டும் வேறு வீட்டிலிருந்து பெயர்த்து வந்து வைத்ததுபோல இருந்தது. தரைப்பலகையை வெளுக்க வெளுக்கத் தேய்த்திருந்தார்கள். இரும்பு அடுப்பு முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது. அதன் பக்கத்தில் மூடிபோட்ட வாளி, உள்ளே மைதா மாவைப்போல வெள்ளையாய்ச் சாம்பல்.

"இதுக்கு முன்னாடி இருந்தவ நல்ல குடும்பத்துக்காரி, டெல்மர். சாம்பலைக்கூட வீணாக்காம எடுத்து வெச்சுட்டுப் போயிருக்கா பாரு" என்றாள் ஆர்லீன்.

அந்தப் பக்கத்துப் பெண்களுக்குச் சாம்பல் என்பது பண்டம். சோப்புக் காய்ச்ச அது வேண்டும், பனி உறைந்த படியில் வழுக்காமல் தூவ அது வேண்டும், மக்காச்சோளத்தைச் சாம்பல் ஊறின காரத்தண்ணீரில் வேகவைத்துத் தோலுரித்து ஹாமினி என்கிற பண்டம் செய்யவும் அதுதான் வேண்டும். வாளி நிறையச் சாம்பலோடு ஒரு வீடு கிடைத்தால், வருகிறவளுக்குச் சீதனம் மாதிரி.

டெல்மர் கூல்மன் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுச் சிரித்தான். ஆள் நிலைக்கதவு உயரம், குணம் பச்சைப்பிள்ளை. மேட்டு ஊரிலிருந்த பைப் தொழிற்சாலையில் கடைசல் இயந்திரத்தில் வேலை. மணி உதிர்த்துக் காய்ந்த சோளச்சக்கையைக் குடைந்து புகைபிடிக்கும் பைப் ஆக்குகிற தொழில். கோழியை அறுப்பதற்கு முன் அதன் காதில் மன்னிப்புக் கேட்கிற ஆள் என்று ஊரே அவனைக் கிண்டல் பண்ணும். ஆர்லீன் அவனைக் கட்டிக்கொண்டதே அதற்காகத்தான். அவளுடைய அப்பன் அடித்த அடியில் அவளுக்கு இடதுகாது பாதி செவிடு. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் டெல்மர் ஒரு கதவைக்கூட ஓங்கிச் சாத்தியதில்லை. அவளுக்கு இந்த உலகத்தில் இருந்த ஒரே சொத்து அந்த மெதுவான கைகள்தான்.

குடிவந்த சந்தோஷத்தில் டெல்மர் ஒரு புதுப் பைப்பை எடுத்தான். இரண்டு வருஷம் களத்தில் காய்ந்த சக்கை, தடித்த சுவர், முடிச்சே இல்லாத உடம்பு. ஆயிரம் சக்கையில் ஒன்று அப்படி வரும். மேஸ்திரியிடம் சொல்லித் தனக்கென்று எடுத்துவைத்திருந்தான்.

"இன்னிக்கே ஊதப் போறியா?" என்றாள் ஆர்லீன்.

"ஊதுறதாவது. முதல்ல பழக்கணும். புது மருமக மாதிரி இது. வந்த அன்னிக்கே அண்டா நிறையச் சமைக்கச் சொன்னா வெந்து வெடிச்சிடும். மொதல்ல கால்வாசிக்குக் கொஞ்சம் மேல புகையிலை போட்டு நிதானமா இழுக்கணும். சூடு ஆறணும். அப்புறம் ஒருநாள் விட்டு அரைவாசி. அது ஒத்துக்கிட்டா முழுசா."

"எனக்குக்கூட நீ இத்தனை பொறுமை காட்டினதில்லை."

"நீ வந்த அன்னிக்கே வெந்து வெடிச்சவதானே."

அவள் கரண்டியை ஓங்கினாள். அவன் குனிந்துகொண்டு, பைப்பின் உள்ளே விரல் விட்டுக் காட்டினான். கீழே அடிப்பக்கத்தில், புகையை இழுக்கிற மரக்குழாயின் நுனி கொஞ்சம் உள்ளே நீட்டிக்கொண்டிருந்தது. அது முதல் சில தடவை கருகி நாறும், அதனால் சாம்பலைக் குழைத்து அடியில் பூசிவிட வேண்டும் என்றான். தொழிற்சாலை ஆட்கள் எல்லாரும் அப்படித்தான். மேஸ்திரி குடித்துப்போட்ட சுருட்டுச் சாம்பலுக்குப் போட்டா போட்டியே நடக்கும்.

"அந்தப் பாவி இப்பப் பார்த்து சுருட்டை விட்டுட்டு மெல்லுற புகையிலைக்கு மாறிட்டான்" என்று சொல்லிக்கொண்டே டெல்மர் வாளியின் மூடியைத் திறந்தான்.

ஒரு சிட்டிகை எடுத்தான். உள்ளங்கையில் வைத்துத் துப்பினான். சொந்த எச்சிலில் குழைத்தால்தான் பைப் எஜமானை அடையாளம் கண்டுகொள்ளும் என்பது அவர்கள் தொழில் நம்பிக்கை. சுண்டுவிரலால் வழித்து, மரநுனி மறையும்படி அடியில் பூசி, ஜன்னலோரம் காயவைத்தான். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவர்கள் எல்லாரும் இவ்வளவு கவனமாகத்தான் விடுகிறார்கள்.

மறுநாள் மத்தியானம் முதல் புகை.

ஆர்லீன் அந்த வாசனைக்காகக் காத்திருந்தாள். டெல்மரின் புகையிலையில் உலர்ந்த பழத்தின் வாடை வரும், அவளுக்குப் பிடிக்கும். ஆனால் அன்று வந்தது வேறு வாடை. முடி பொசுங்குகிற வாடை. அதற்கடியில், கொழுப்புத் தீயில் சொட்டுகிற வாடை.

"மரநுனி கருகுது. முதல் தடவை அப்படித்தான்" என்றான் டெல்மர். முகம் சுளித்தானே தவிர, பைப்பைக் கீழே வைக்கவில்லை.

புகைத்து முடித்தபின் அவன் செய்ததைப் பார்த்து அவள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். சோளப் பைப்பை யாரும் இரும்பில் தட்டமாட்டார்கள். உடம்பு நசுங்கிவிடும். டெல்மர் எப்போதும் சூடு ஆறும்வரை காத்திருந்து, உள்ளங்கையில் கவிழ்த்து, வான்கோழி இறகால் குழாயைத் துடைப்பான். அன்றைக்கு எழுந்துபோய் அடுப்பு மூடியின்மேல் தட்டினான்.

டொக். டொக்.

கொஞ்சம் நிறுத்தினான். எதையோ காதுகொடுத்துக் கேட்பவன்போல நின்றான்.

டொக்.

"ஏன் இரும்புல தட்டுற?"

அவன் தன் கையைப் பார்த்தான். "தட்டினேனா?" என்றான். நிஜமாகவே அவனுக்குத் தெரியவில்லை.

அரைவாசி நிரப்பிய அன்றைக்கு வால்டி செத்தது.

வால்டி அவர்களுடைய குட்டைக்கால் நாய். டெல்மரின் பூட்ஸ்மேல்தான் படுத்துத் தூங்கும். அன்று காலையிலிருந்தே அவன் பக்கம் வராமல் கதவோரமாக நின்று உறுமிக்கொண்டிருந்தது. டெல்மர் நாற்காலியில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டிருந்தான். நிதானமாக அல்ல. கன்னம் ஒட்ட ஒட்ட, பைப்பின் உடம்பு கொதிக்க, உறிஞ்சி இழுத்தான். அப்படி இழுத்தால் சக்கை எரிந்துபோகும் என்று ஊருக்கெல்லாம் பாடம் சொன்னவன் அவன்தான்.

நாய் ஒருமுறை குரைத்தது.

டெல்மர் எழுந்தான். அவசரமில்லாமல் நடந்துபோய் அதன் பின்னங்காலைப் பிடித்துத் தூக்கிக் கதவு நிலையில் அடித்தான். மறுபடி அடித்தான். துணி துவைக்கிறவன் முகத்தில் இருக்கிற அலுப்புதான் அவன் முகத்தில் இருந்தது. ஆர்லீன் அலறிக்கொண்டு அவன் தோளைப் பிடித்தாள். அவன் திரும்பாமலே முழங்கையை வீசினான். அவள் கன்ன எலும்பில் பட்டு மேஜைக்கடியில் போய் விழுந்தாள். நாயின் ரத்தம் வெளுக்கத் தேய்த்த பலகையில் அவளை நோக்கி ஊர்ந்து வந்தது.

சாயங்காலம் டெல்மர் தோட்டத்தில் குழி தோண்டி வால்டியைப் புதைத்துவிட்டு, மண்டிபோட்டு அழுதான். "எனக்கு என்ன ஆச்சு ஆர்லீன்? என் கை என் பேச்சைக் கேக்கலை" என்றான். அவள் அவன் தலையைக் கட்டிக்கொண்டாள். அவளுக்குப் பயமாக இருந்தது. அப்பன் வீட்டில் தெரிந்த அதே பயம். பைப்பைத் தூக்கி எறி என்று கெஞ்சினாள். அவன் தலையாட்டினான். ஆட்டிக்கொண்டே அதைச் சட்டைப்பையில் போட்டு மேலே பொத்தானை மாட்டினான். சனியனைத் தூக்கிப் பனியனுக்குள் போட்டுக்கொண்ட கதைதான்.

ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் அறுவடை விருந்து. புதிதாகக் குடிவந்தவர்கள் ஏதாவது ஒரு பண்டம் கொண்டுபோக வேண்டும், அப்போதுதான் ஊரில் சேர்த்தி. அதற்காக ஆர்லீன் குடிவந்த கையோடு ஒரு பெரிய மண்சாடி ஹாமினி செய்து வைத்திருந்தாள். வாளிச் சாம்பலைச் சலித்துத்தான் காரத்தண்ணீர் இறக்கினாள். சலிக்கும்போது ஓர் இரும்புக் கொக்கி கிடைத்தது, தோளில் வார் மாட்டுகிற ஆம்பிளைக் கால்சட்டையில் இருக்குமே, அது. பழைய துணியை எரித்திருப்பார்கள் என்று தூர வைத்தாள். சோளம் முத்துமுத்தாக வெந்து வந்தது. விருந்துக்கென்று அவளும் வாயில் வைக்கவில்லை, டெல்மருக்கும் கொடுக்கவில்லை.

கன்னம் கத்தரிக்காயாய் வீங்கியிருந்ததால் அவளால் விருந்துக்குப் போக முடியவில்லை. பக்கத்துப் பண்ணை கார்டீலியா போல்மன் சாடியை வாங்கிப்போக வந்தாள். கார்டீலியா வாயாடி, மனசு தங்கம். அவள் புருஷன் ஆஸ்வால்ட் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தான். கன்றுக்குட்டியை விற்றாலே கண்கலங்குகிற சாது மனுஷன். டெல்மர் கொல்லையில் விறகு பிளந்துகொண்டிருந்தான்.

"படியில வழுக்கிட்டேன் அக்கா" என்றாள் ஆர்லீன், கன்னத்தை மறைத்துக்கொண்டு.

கார்டீலியா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "இந்த வீட்டுப் படி ரொம்பக் காலமா வழுக்குதுடி. உனக்கு முன்னாடி இருந்த ஹுல்டாவும் இதையேதான் சொல்லுவா."

"யாரு ஹுல்டா?"

"இந்த வீட்டுல இருந்தானே ரிட்டர்பாக், அவன் பொண்டாட்டி. அவன் மனுஷனா? பைப்பை வாயை விட்டு எடுக்கமாட்டான். அடுப்பு மூடியில தட்டுவான். ரெண்டு தட்டு, கொஞ்சம் நிறுத்துவான், அப்புறம் ஒண்ணு. அந்தச் சத்தம் கேட்டா அவ எங்க இருந்தாலும் ஓடிவந்து அடுப்புகிட்ட நிக்கணும். அடிக்கமாட்டான். கொஞ்சுவான். 'கையைக் கொடு கண்ணு, அடுப்பு காத்திருக்கு'ம்பான். கொடுத்தா அப்படியே மூடிமேல வெச்சு அழுத்துவான். அவ ரெண்டு கையும் தழும்பு."

ஆர்லீன் அடுப்பு மூடியைத் திரும்பிப் பார்த்தாள். "அவன் இப்ப எங்க?" என்றாள்.

"எவளோடயோ ஓடிட்டான்னு ஹுல்டா சொன்னா. அன்னிக்குதான் அவ சிரிச்சு நான் பாத்தேன். வீட்டைத் தேய்தேய்னு தேய்ச்சா. மூணு நாளா அடுப்பை அணைக்கவே இல்லை, அந்த வெயில்காலத்துல. அப்புறம் தங்கச்சி வீட்டுக்குப் போயிட்டா. போறப்ப என்ன சொன்னா தெரியுமா? 'எதையும் மிச்சம் வைக்கலை கார்டீலியா, எதையும் வீணாக்கவும் இல்லை'ன்னா. பாவம், புத்தி கொஞ்சம் பெசகிடுச்சு."

கார்டீலியா சாடியை இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டாள். வண்டிச் சத்தம் தேய்ந்தது.

ஆர்லீன் வாளியைத் தரையில் கவிழ்த்தாள். அடியில் கட்டிதட்டிக் கிடந்த சாம்பலை விரலால் துழாவினாள்.

ஒரு பல்.

கடைவாய்ப் பல், வேரோடு. அதன் ஓரத்தில், வருஷக்கணக்காகப் பைப்பைக் கடித்துக் கடித்துத் தேய்ந்த பள்ளம்.

அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தன் புருஷன் எதைத் தன் எச்சிலில் குழைத்தான், யாரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே இழுத்தான் என்பது விளங்கிவிட்டது. கால்வாசி, அரைவாசி ஆகிவிட்டது. இனி முழுசு. அதற்குமுன் அந்தப் பூச்சைச் சுரண்டி எடுத்துவிட்டால் டெல்மர் தனக்குத் திரும்பக் கிடைப்பான் என்று அவள் நம்பினாள். அவளுக்கு நம்புவதற்கு வேறெதுவும் இல்லை.

அவன் சட்டை முளையில் தொங்கியது. பொத்தானைக் கழற்றினாள். பைப் இல்லை.

கொல்லையில் கோடாலிச் சத்தம் நின்றிருந்தது.

முடி பொசுங்கும் வாடை.

அவன் வாசற்படியில் நின்றான். பைப் வாயில் இருந்தது. விளிம்புவரை புகையிலை. பட்டப்பகல் வெளிச்சம் அவன் முதுகுக்குப் பின்னால் இருந்ததால் முகம் தெரியவில்லை, கங்கு மட்டும் ஏறி இறங்கியது. உள்ளே வந்தான். டெல்மர் நடக்கிற நடை இல்லை, ஒரு காலைக் கொஞ்சம் இழுத்து நடந்தான். அடுப்பிடம் போனான். பைப்பை எடுத்து, கங்கு கொட்டாமல் அதன் அடிப்பக்கத்தால் தட்டினான்.

டொக். டொக்.

டொக்.

"டெல்மர், நான் ஆர்லீன்."

"கையைக் கொடு கண்ணு" என்றான் அவன். குரல் தேனாய் இருந்தது. "அடுப்பு காத்திருக்கு."

அவள் ஓடினாள். கதவைத் தொடும்முன் அவள் கூந்தல் அவன் கையில் இருந்தது. தரையோடு இழுத்துவந்தான். கொட்டிக்கிடந்த சாம்பலில் அவள் முகம் தேய்ந்தது. மணிக்கட்டைப் பிடித்து, விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, மூடியின்மேல் வைத்து அழுத்தினான். தோல் சீறியது. அவள் போட்ட சத்தம் அவளுக்கே வேறு யாருடையதோ போலக் கேட்டது. அவன் பைப்பைக் கடித்தபடி "ச்ச்ச்" என்று பிள்ளையை அமர்த்துவதுபோலச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அவளுடைய மற்ற கைக்கு, அடுப்பைக் கிளறுகிற இரும்புத் தீக்கோல் அகப்பட்டது.

முதல் அடி அவன் முழங்கையில் விழுந்தது. எலும்பு ஒடிந்து கை தொங்கியது. அவன் குனிந்து அதைப் பார்த்துச் சிரித்தான். அந்த வலி அவனுடையது இல்லையே. ஒடிந்த கையாலேயே அவள் கழுத்தைப் பிடித்தான். முறிந்த எலும்பு தோலுக்குள் குத்திட்டு நின்றது. ஒரு வாய்ப் புகையை அவள் முகத்தில் ஊதினான். அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டாள். கண் இருட்டிக்கொண்டு வந்தது. அந்த இருட்டில் கங்கு மட்டும் தெரிந்தது.

ஆர்லீன் அதைப் பார்த்து அடித்தாள்.

பைப் பிளந்தது. பற்கள் பிளந்தன. கங்கும் கரியும் ரத்தமும் அவன் நெஞ்சில் சிதறின. அவன் பின்னால் சாய்ந்து சுவரில் மோதி விழுந்தான். அவள் அவன்மேல் ஏறி உட்கார்ந்து, உடைந்த வாய்க்குள் விரல் விட்டு, உள்ளே கிடந்த சக்கைத் துண்டுகளையும் கறுப்புப் பூச்சையும் தோண்டித் தோண்டி வெளியே எறிந்தாள். அவன் குமட்டினான். கட்டி கட்டியாய்ச் சாம்பல் வந்தது. ஒரு சிட்டிகை உள்ளே போனவனிடமிருந்து பிடி பிடியாய் வந்தது.

பிறகு அவன் அழத் தொடங்கினான். "ஆர்லீன்... கை வலிக்குது" என்றான். வாய் நிறைய ரத்தத்தோடு குழறின அந்தக் குரல் டெல்மருடையது. அவள் அவனைக் கட்டிக்கொண்டு ஊளையிட்டாள். மேட்டில் விருந்துக்கு மணி அடித்துக்கொண்டிருந்தது.

அன்றைக்கே அவள் வெந்த கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, பைப் துண்டுகள், பல், கொக்கி, கொட்டின சாம்பல் எல்லாவற்றையும் வாளியோடு ஆற்றில் எறிந்தாள். பலகையை மூன்று தண்ணீர் விட்டுக் கழுவினாள். வைத்தியரிடம் கோடாலி தெறித்துவிட்டதாகச் சொன்னார்கள். டெல்மரின் தாடை கோணலாகத்தான் கூடியது. ஆனால் ராத்திரி அவன் நல்ல கையால் அவள் தலையைத் தடவும்போது, அது பழைய கைதான். பிழைத்துக்கொண்டோம் என்று அவள் மெல்ல மெல்ல நம்ப ஆரம்பித்தாள்.

பனி விழத் தொடங்கிய ஒரு காலையில் கார்டீலியா காலிச் சாடியைத் திருப்பிக் கொடுக்க வந்தாள்.

"உன் ஹாமினிக்குத்தான்டி அன்னிக்குப் பேரு. பாதிரியார் ரெண்டாம் தடவை கேட்டு வாங்கினார். பந்தியில ஆம்பிளைங்க யாருமே விடலை, சாடியை விரலால வழிச்சாங்க. நான்தான் பரிமாறிப் பரிமாறி எனக்கு மிஞ்சலை."

ஆர்லீன் சாடியை வாங்கக் கை நீட்டினாள். பாதியில் அந்தக் கை நின்றுபோனது. வாளியை ஆற்றில் எறிந்தாள், தரையைக் கழுவினாள். அதே சாம்பலில் வெந்த சோளச் சாடியை அவள் மறந்தே போயிருந்தாள்.

கார்டீலியா சாடியை அவள் கையில் திணித்தாள். உதடு மட்டும் சிரித்தது. குளிருக்கென்று கையுறை போட்டிருந்தாள், ஒரு கையில் மட்டும். அதன் உள்ளங்கைப் பக்கம் நீர் கசிந்து ஈரமாக இருந்தது.

"அக்கா, கையில என்ன?"

"படியில வழுக்கிட்டேன்" என்றாள் கார்டீலியா.

வெளியே வண்டியில் ஆஸ்வால்ட் காத்திருந்தான். வாழ்நாளில் புகையிலையைத் தொடாத மனுஷன். சாட்டைக் கம்பால் சக்கரத்தின் இரும்புப் பட்டையில் தட்டினான்.

டொக். டொக்.

கார்டீலியா திரும்பி ஓடினாள்.

டொக்.

ஆஸ்வால்ட் அவளை ஏற்றிவிடக் குனிந்து, சிரித்த முகமாகக் கையை நீட்டினான். "கையைக் கொடு கண்ணு" என்றான்.

மேட்டு ஊரில் வீட்டுக்கு வீடு அடுப்புப் புகை எழும்பிக்கொண்டிருந்தது. காற்று இந்தப் பக்கம் திரும்பியதும் ஆர்லீன் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.